பதினாறு எழுத்துத் தகடு

தகட்டக்காவின் கையெழுத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து முழுதாக ரசிக்காது. அவள் எழுதிக் கொடுத்த சாமான் சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் ஒருமுறை சோப்புக்குப் பதிலாக விளக்குமாறு கட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் எழுதிய காதல் கடிதங்களில் இரண்டை அவள் புருஷன் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. "முன்னாடியே படிச்சு முடிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்" என்பார் அந்த மனுஷர். அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் ஜோக் சொல்லிப் பழகிய வாய்.

இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு அவள் இருபத்திரண்டு வருஷமாகச் செய்த வேலை, பேர் வெட்டுவது. பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக் கோப்பை, ஓய்வு பெறுகிறவருக்குச் சுவர்க் கடிகாரம், புதுக் கட்டடத்துத் திறப்பு விழாப் பலகை என்று அந்தக் கோப்பைக் கடையிலிருந்து எது வெளியே போனாலும் அதன் பித்தளைத் தகட்டில் பேர் வெட்டுகிறவள் அவள்தான். நல்லவேளையாக வெட்டுவது மெஷின். அவள் எழுத்துகளைத் தட்டி, தகட்டை இடுக்கியில் இறுக்கி, கண்ணாடி மூடியைச் சாத்தினால் போதும். ஊசி இறங்கி முத்து முத்தாக வெட்டிவிட்டு நிற்கும். "எனக்குக் கண்ணு, உனக்குக் கை" என்று மெஷினின் முதுகில் தட்டிக் கொடுப்பாள். பாலிஷ் போடுகிறவர் முதல் முதலாளிவரை எல்லாருக்கும் அவள் தகட்டக்கா.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கடைக்கு ஜுரம் வரும். பாட்டு உலகத்தின் பெரிய விருது குருவி விருது. வாயைப் பிளந்துகொண்டு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பித்தளைக் குருவி. அதற்காகப் பெரிய பெரிய பாடகர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டே காலை மிதிப்பார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து பேர் போட்டி. யார் ஜெயித்தார் என்பது மேடையில் உறையைப் பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஆனால் ஜெயித்தவர் அன்றைக்கே பேர் பொறித்த குருவியோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே கடையில் ஐந்து பேருக்கும் தகடு வெட்டி, பிரிவுவாரியாக உறையில் போட்டு ஒட்டி, விழாவுக்குக் கொண்டுபோவார்கள். மேடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை. ஜெயித்தவர் வெறுங் குருவியோடு வருவார். தகட்டக்கா அவர் தகட்டை எடுத்து நாலு திருகாணி முடுக்கிக் கொடுப்பாள். தோற்ற நாலு தகடும் திங்கட்கிழமை உருக்குகிற டின்னுக்குப் போகும்.

தகட்டக்கா துறைமுகத்துப் பெண். துறைமுகத்துச் சனங்கள் யார் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தலைமுறைக்கு முன்னால் மூட்டை இறக்கக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, மூட்டையோடு மூட்டையாக இறங்கி அங்கேயே தங்கிவிட்டவர்கள். கறுத்த நிறம், நீளமான பேர். மேடை அறிவிப்பாளர்கள் அந்தப் பேர்களை, இருட்டில் மாடிப்படி இறங்குகிறவர்கள் மாதிரித் தடவித் தடவித்தான் சொல்வார்கள். அவர்கள் தாளத்துக்கு ஊரே ஆடியது. வெளுத்த நிறத்துப் பணக்கார வீட்டுக் கல்யாணத்திலும் அதுதான் ஆட்டம். விருது என்று வந்தால் மட்டும் தனிப் பந்தி. 'துறைமுக இசை' என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். மற்ற விருதெல்லாம் சாயங்காலம், கேமரா முன்னால், சிவப்புக் கம்பளத்தில். துறைமுக இசைக்கு மட்டும் மத்தியானம் மூன்று மணி. அப்போது அரங்கத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பார்கள். துடைக்கிறவர்கள்தான் கையும் தட்டுவார்கள்.

அந்த மூன்று மணிக் குருவியை ஏழு தடவை வாங்கியவர் பெரியக்கா. ஆறடி உயரம், அதைவிட உயரமான குரல், அதனால் ஊரே அப்படிக் கூப்பிட்டது. அவருடைய முழுப் பேருக்குப் பதினாறு எழுத்து. மெஷினில் எழுத்தளவைக் கொஞ்சம் சுருக்கினால்தான் ஒரே வரியில் அடங்கும். அந்த அளவு தகட்டக்காவுக்கு மனப்பாடம். ஏழு தகடும் அவள் வெட்டியது, ஏழு தடவையும் திருகாணி முடுக்கியது அவள் கை. பாத்திரம் கழுவும்போது பெரியக்கா பாட்டு, துணி மடிக்கும்போது பெரியக்கா பாட்டு, புருஷனோடு சண்டை போட்டால் அதற்கென்று ஒரு பெரியக்கா பாட்டு. ஆனால் ஆள் நேரில் வந்து நின்றால் மட்டும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். "நன்றிம்மா" என்பார் பெரியக்கா. இவள் தலையை ஆட்டுவாள். ஏழு வருஷமும் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

அந்த வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. பெரியக்காவின் புது ஆல்பம் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' பட்டியலில் வந்துவிட்டது. சாயங்காலப் பிரிவு! கேமராப் பிரிவு! துறைமுகத்திலிருந்து அந்தப் பட்டியலுக்குள் நுழைந்த முதல் ஆள். நாற்பது தாளக்காரர்களை வைத்து, சரக்குத் தூக்கும் கிரேனின் சத்தத்தைக்கூடச் சுருதி சேர்த்து, நாலு வருஷம் ஒத்திகை பார்த்துச் செய்த ஆல்பம் அது. ஊரில் இருந்த ஒரே பெரிய பத்திரிகையின் ஒரே பெரிய விமர்சகர் அதைப் பற்றி இப்படி எழுதினார்: 'குரலில் காட்டாறு ஓடுகிறது. ஆனால் காட்டாறு யோசிப்பதில்லை. இது இரத்தத்தில் வந்த இசை. உழைத்து வந்தது அல்ல.'

அதே பக்கத்தில், அதே துறைமுகத் தாளத்தை எடுத்துப் பாதி வேகத்தில் கிதாரில் வாசித்த ஒரு வெளுத்த இளைஞருக்கு 'சிந்தனையின் ஆழம்' என்று பாராட்டு. எப்போதும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடுவதால் தகட்டக்கா அவருக்கு ஸ்டூல் தம்பி என்று பேர் வைத்திருந்தாள்.

"நாலு வருஷம் ஒத்திகை பார்த்தது இரத்தத்துல வந்துச்சாம்!" என்று அவள் சமையலறையில் குதித்தாள். "இந்த ஆளு இரத்தத்துல என்ன ஓடுது, மையா?" விமர்சனத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி, மேலே இருந்த விமர்சகர் படத்துக்கு மீசை வரைந்து, அது போதாமல் கொம்பும் வரைந்தாள். காலையில் சேலை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் ஒரு முறை முறைப்பாள்.

இவ்வளவு ரோஷக்காரி செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆல்பம் விருதை யார் வாங்குவார் என்று முன்கூட்டியே சொல்வதில் தகட்டக்கா கில்லாடி. பதினோரு வருஷமாகப் பாலிஷ்காரரோடு டீக்குப் பந்தயம் கட்டி, ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ரகசியம் ரொம்பச் சுலபம். "ஐந்து பேர்ல எவன் வெளுப்பா இருந்து, உக்காந்துக்கிட்டே பாடறானோ அவன்தான்" என்பாள். இப்படித் தவறாமல் ஜெயித்து ஜெயித்து, மூன்று வருஷமாக ஒரு திருட்டுத்தனத்துக்குப் பழகிவிட்டாள். கடைசி வாரத்தில் நூறு தகடு வெட்ட வேண்டும்; கண் பூத்துப்போகும். தெரிந்த முடிவுக்கு எதற்கு ஐந்து தகடு? ஆல்பம் பிரிவுக்கு மட்டும் ஜெயிக்கப்போகிறவர் தகடு ஒன்றே ஒன்று வெட்டுவாள். உறை கனமாகத் தெரிய வேண்டுமே, அதற்கு பிஸ்கட் பெட்டி அட்டையை அதே அளவில் நாலு துண்டு கத்தரித்து உள்ளே வைப்பாள். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

அந்த வருஷமும் ஸ்டூல் தம்பியின் தகடு வெட்டியாயிற்று. ஐந்தே எழுத்து, தகட்டின் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்தது. அப்புறம் மனசு கேட்கவில்லை. பெரியக்காவுக்காவது வெட்டிவிடலாம் என்று இன்னொரு தகட்டை இடுக்கியில் இறுக்கினாள். பதினாறு எழுத்தும் தட்டினாள். விரல் பொத்தான்மேல் இருந்தது. அப்போது திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை இந்தப் பேரைத் தன் கையாலேயே எடுத்து உருக்குகிற டின்னில் போட வேண்டும். டங் என்று ஒரு சத்தம் கேட்கும்.

"வேண்டாம்மா" என்று மெஷினிடம் சொன்னாள். தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அட்டையை எடுத்துக் கத்தரித்தாள்.

விழா அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பின்னறையில் பச்சைத் துணி விரித்த மேசை, திருப்புளி, வரிசையாக உறைகள், தேதி கீதி தப்பாகிவிட்டால் திருத்துவதற்கு ஒரு மின்பேனா. கையில் பிடித்தால் விர்ரென்று அதிரும். கடையில் அதற்கு வண்டு என்று பேர். கையால் எழுத வேண்டிய சாமான் ஆனதால் தகட்டக்கா அதைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர், அதில் மேடைச் சத்தம். வாசலில் காவலுக்கு ஒரு பெண். புருஷன் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனில் கூப்பிட்டு யார் என்ன சட்டை போட்டிருக்கிறார்கள் என்று தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழரை மணிக்கு ஆல்பம் விருது. ஸ்பீக்கரில் உறை கிழியும் சத்தம் கேட்டது. அறிவிப்பாளர் பேரைச் சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார், தொண்டையைச் செருமினார். அப்புறம் அந்தப் பேரின் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது படி. தடவித் தடவி இறங்கினார்.

அவர் நாலாவது எழுத்துக்கு வருவதற்குள் தகட்டக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஒரு கூச்சல் போட்டாள். இந்த ஊரில் ஒரு பேரைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகிறதென்றால் அது யார் பேர்! ஓடிப்போய் காவல்காரப் பெண்ணைக் கட்டிப்பிடித்தாள். அந்தப் பெண்ணும் துறைமுகத்துக்காரிதான், இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு அந்தச் சின்ன அறையில் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். நாற்காலி விழுந்தது. திருப்புளி உருண்டது. ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், தகட்டக்காவைவிடச் சந்தோஷமான ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

சுற்றிவந்த வேகத்தில் மேசைமேல் இருந்த உறை கண்ணில் பட்டது.

காவல்காரப் பெண்ணின் கையை உதறினாள். உறையைக் கிழித்துக் கொட்டினாள். ஸ்டூல் தம்பி ஒருவர், பிஸ்கட் அட்டை நாலு. ஒரு அட்டையில் 'மொறுமொறு' என்று பாதி விளம்பரம் வேறு.

போன் அடித்தது. "ஜெயிச்சுட்டாங்கடி!" என்று புருஷன் கத்தினார். பின்னால் அக்கம்பக்கத்து வீடுகளே சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன.

"அவங்க ஜெயிச்சாங்க, நான் தோத்தேன்" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அவங்க பேரை நான் வெட்டவே இல்லைங்க. தகடே இல்ல. கடைக்குப் போய்வர நாப்பது நிமிஷம் ஆகும்."

புருஷன் திட்டவில்லை. மாட்டிக்கொண்ட லிஃப்ட்டில் பேசுகிற குரலில் கேட்டார்: "பதறாத. கையில என்ன இருக்கு?"

"ஸ்டூல் தம்பி தகடு இருக்கு."

"அதுல பின்பக்கம் இருக்குல்ல?"

தகட்டக்கா தகட்டைத் திருப்பினாள். பின்பக்கம் சுத்தமாக, வழவழவென்று வெறுமையாக இருந்தது. நாலு மூலையிலும் அதே நாலு துளை.

"எவ்வளவு நேரம் இருக்கு?" என்றாள்.

"இன்னும் மேடைக்கே போகல. வழியில எல்லாரையும் கட்டிப்பிடிச்சிட்டிருக்காங்க. பேச்சுக்குத் தொண்ணூறு செகண்டுதான். போனை வைக்காத, நான் சொல்லிட்டே வரேன். நீ வெட்டு."

தொண்ணூறு செகண்டில் பதினாறு எழுத்து, அதுவும் அந்தக் கையால்! வண்டை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். விர்ரென்றது. முதல் எழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டாவது எழுத்து அதன் தோளில் சாய்ந்தது.

ஸ்பீக்கரில் கைதட்டல் ஓய்ந்தது. பெரியக்கா மைக் முன்னால் வந்துவிட்டார் போல. ஆனால் சத்தமே இல்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று பார்த்தாள்.

"பேசாம நிக்கறாங்க" என்றார் போனில் புருஷன். "குருவியைப் பார்க்கறாங்க. குருவி இவங்களைப் பார்க்குது."

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல" என்றது கடைசியில் பெரியக்காவின் குரல். அப்புறம் மறுபடியும் அமைதி. தகட்டக்கா நாலாவது எழுத்தில் இருந்தாள்.

தொண்ணூறு செகண்டு முடிந்தால் வாத்தியக் குழு தானாக வாசிக்க ஆரம்பிக்கும். பேசுகிறவரை மேடையிலிருந்து கிளப்ப மரியாதையான ஒரு வழி. ஆரம்பித்தார்கள். வயலின்கள் இனிமையாக, போய்வா போய்வா என்று இழைந்தன. தகட்டக்காவுக்கு உயிரே போய்விட்டது. ஐந்து எழுத்துதான் முடிந்திருந்தது.

"என்னைத் துரத்த வாசிக்கறீங்களா?" என்று பெரியக்கா வாத்தியக் குழுவைக் கேட்பது ஸ்பீக்கரில் கேட்டது. கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். "நல்லா இருக்கே! சுருதிய மட்டும் கொஞ்சம் இறக்குங்க. நான் ஏழு வருஷமா மத்தியானப் பாடகி, எனக்குச் சாயங்காலச் சுருதி பழக்கமில்ல."

அரங்கமே சிரித்தது. வயலின்காரர்கள் என்ன நினைத்தார்களோ, சுருதியை இறக்கினார்கள்! அந்தத் துரத்துகிற மெட்டிலேயே பெரியக்கா பாட ஆரம்பித்தார். பேச வராத நன்றியெல்லாம் பாட்டாக வந்தது. கிரேன் ஓட்டுகிறவருக்கு நன்றி. கடைசிப் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிய பல் டாக்டருக்கு நன்றி. பதினாலாம் நம்பர் பஸ்ஸில் பாட விட்ட கண்டக்டருக்கு நன்றி. நாற்பது தாளக்காரர்களையும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட மாடி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நாற்காலியில் தாளம் போட்டார்கள்.

"ஜனங்க எந்திரிச்சுட்டாங்க!" என்று புருஷன் அலறினார். "ஸ்டூல் தம்பியும் எந்திரிச்சுட்டான்! அவனுக்கு நிக்கத் தெரியுதுடி!"

தகட்டக்கா வெட்டிக்கொண்டிருந்தாள். தரை அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது, கையில் வண்டு தன் பங்குக்கு அதிர்ந்தது. எழுத்துகள் ஒன்று குந்தி, ஒன்று குதித்து, ஒன்று இடுப்பில் கை வைத்து நின்றன. ஏழு. எட்டு. அவள் தலையும் தாளத்துக்கு ஆட ஆரம்பித்துவிட்டது; நிறுத்த முடியவில்லை.

"மூணு மணிக்கு நாற்காலி தொடச்சவங்களே" என்று பாடினார் பெரியக்கா, "ஏழு தடவையும் எனக்குக் கை தட்டினவங்களே..." அப்புறம் மெட்டைக் கொஞ்சம் நிதானமாக்கினார். "பின்னாடி ரூம்ல திருகாணி முடுக்குற அம்மா! இந்த ஊர்ல எல்லாரும் என் பேர்ல பாதியை முழுங்கிடறாங்க. ஒரு எழுத்து விடாம முழுசா வெட்டி வச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

ஒன்பதாவது எழுத்தில் அவள் கை துள்ளியது. அந்த எழுத்துக்கு நீளமாக ஒரு வால் முளைத்தது. தகட்டக்காவுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. வேலை போய்விடுமே என்ற பயமெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. அந்தக் குரலின் முன்னால் அட்டைத் துண்டோடு மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே எண்ணம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்தாவது எழுத்துக்குப் போனாள்.

பதினோரு நிமிஷம் பாடினார் பெரியக்கா. அவர் வாசலில் தலை குனிந்து உள்ளே நுழைந்தபோது தகட்டக்கா பதினாறாவது எழுத்தின் கடைசிக் கோட்டை இழுத்துவிட்டுப் பித்தளைத் தூளை ஊதிக்கொண்டிருந்தாள்.

பெரியக்காவுக்குப் பின்னால் நாலைந்து படமெடுக்கிறவர்கள், குறிப்பு நோட்டோடு விமர்சகர் (மீசையும் கொம்பும் இல்லாததால் அவரை அடையாளம் காண ஒரு நொடி ஆயிற்று), வாழ்த்துச் சொல்ல வந்த ஸ்டூல் தம்பி. தம்பி நல்ல பிள்ளை. வியர்க்க விறுவிறுக்கச் சிரித்துக்கொண்டே வந்து, "ஆன்ட்டி, தோத்தவங்களுக்கும் தகடு வெட்டுவீங்கன்னு கேள்விப்பட்டேன். என்னுதை ஞாபகார்த்தமா தர முடியுமா?" என்றார்.

"அது பத்திரமான இடத்துல இருக்கு தம்பி" என்றாள் தகட்டக்கா.

பெரியக்கா வெறுங் குருவியை மேசைமேல் வைத்தார். எட்டாவது தடவை. இந்தத் தடவை பேசாமல் இருக்க முடியாது. தகட்டக்கா குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மூச்சு விடாமல் சொன்னாள்: "நீங்க பாட்டுல சொன்னது பொய். உங்க பேரை நான் வெட்டி வைக்கல. ஜெயிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். வெட்டிட்டு, அப்புறம் என் கையாலயே டின்னுல போடணுமேன்னு வெட்டல. இது இப்ப வெட்டினது. இன்னொருத்தர் தகட்டுப் பின்னாடி."

பெரியக்கா தகட்டை வாங்கித் திருப்பினார். ஐந்தெழுத்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுபடி திருப்பினார். பதினாறு எழுத்து ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஸ்டூல் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் தகட்டக்கா நினைத்தாள்.

"நான் மேடையில ஏன் பேசாம நின்னேன்னு நினைக்கறீங்க?" என்றார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவரும் குனிந்து, அதே ரகசியக் குரலில். "பேச்சு எழுதிட்டு வரலம்மா. பேப்பர் எடுத்தேன், பேனா எடுத்தேன். எழுதிட்டு அப்புறம் கிழிச்சுப் போடணுமேன்னு மூடி வச்சுட்டேன். தோத்தா எப்படிச் சிரிக்கறதுன்னு மட்டும் கண்ணாடி முன்னாடி ரெண்டு நாள் ஒத்திகை பார்த்தேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். காரணம் தெரியாமலே ஸ்டூல் தம்பியும் சேர்ந்து சிரித்தார்.

"முடுக்குங்க" என்றார் பெரியக்கா. "அடுத்த வருஷம் நான் எழுதிடறேன். நீங்க வெட்டிடுங்க."

"வெட்டிடறேன்" என்றாள் தகட்டக்கா. நாலு திருகாணியும் முடுக்கினாள்.

விமர்சகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தகட்டை உற்றுப் பார்த்தார். "ஆகா! எழுத்துகளில் என்ன ஒரு இயல்பான லயம்! யோசித்துச் செய்தால் இது வராது. துறைமுகத்து இரத்தத்தில்..."

ஏழு வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு அன்றைக்குத்தான் விடுதலையாகியிருந்தது. "சார், அது லயமில்ல, என் கையெழுத்து. ஒண்ணாம் வகுப்பு டீச்சர் இதுக்குத்தான் என்னை முட்டி போட வச்சாங்க. இந்தத் தகடு பதினஞ்சு நிமிஷத்துல யோசிக்காம வெட்டினது. அவங்க ஆல்பம் நாலு வருஷம் யோசிச்சுச் செஞ்சது. நீங்க ரெண்டையும் மாத்தி எழுதறீங்க."

 காவல்காரப் பெண் மட்டும் கை தட்டினாள்.

விமர்சகர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அந்தத் தகட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார். ஒன்பதாவது எழுத்தின் வாலுக்கு மட்டும் ஒரு பத்தி. தகட்டக்கா அதையும் கத்தரித்து ஒட்டி, புதுப் படத்துக்கும் மீசை வரைந்தாள். திங்கட்கிழமை முதலாளியிடம் போய் அட்டைத் துண்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். அவர் பத்து நிமிஷம் தையத்தக்கா என்று குதித்தார். பதினோராவது நிமிஷம் போன் அடித்தது. பத்திரிகையில் வந்த அந்த ஆடுகிற எழுத்தில் தங்கள் பள்ளிக்கூடக் கோப்பைக்கும் பேர் வெட்ட முடியுமா என்று யாரோ கேட்டார்கள். அடுத்த போனும் அதையே கேட்டது. முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்த வண்டை எங்க வச்சிருக்கே?" என்றார். வேலை தப்பியது. மெஷின்தான் ஒரு மாதம் சும்மா கிடந்து முறைத்துக்கொண்டிருந்தது. தோற்ற பந்தயத்துக்குப் பாலிஷ்காரருக்கு அவள் வாங்கிக் கொடுத்த டீயை அந்த மனுஷர் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு குடித்தார்.

அடுத்த வருஷமும் பெரியக்கா ஆல்பம் பட்டியலில் இருந்தார். தகட்டக்கா முதல் வேலையாக அந்தப் பிரிவுக்கு ஐந்து தகடும் வெட்டினாள். அதில் ஒன்றில் பதினாறு எழுத்து, மெஷினில், முத்து முத்தாக. பெரியக்கா தோற்றார். ஜெயித்தவர் வேறொரு வெளுத்த பிள்ளை, அவரும் உட்கார்ந்துதான் பாடினார். பாலிஷ்காரர் அந்தத் தடவை பந்தயத்துக்கே வரவில்லை. திங்கட்கிழமை தகட்டக்கா டின் முன்னால் நின்றாள். மூன்று தகடு டங், டங், டங். நாலாவதை முந்தானையில் துடைத்து, காகிதத்தில் சுற்றி, பெரியக்காவின் முகவரிக்கு அனுப்பினாள்.

அது போய்ச் சேர்ந்திருக்கக்கூட முடியாது. புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கே ஒரு தபால் வந்தது. உள்ளே இரண்டு தாள். மேடையில் படிக்காத பேச்சு.

பெரியக்காவின் கையெழுத்து தகட்டக்காவின் கையெழுத்தைவிட மோசம். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. "இங்க கொடு" என்று புருஷன் வாங்கினார். "இருபத்தேழு வருஷப் பழக்கம், சும்மாவா?"

அவள் சமையலறை ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். கையில் குருவிக்குப் பதிலாகக் கரண்டி. அவர் ஒரு கையில் தாளையும் இன்னொரு கையில் தட்டையும் வைத்துக்கொண்டார்; தொண்ணூறு செகண்டு ஆனதும் தட்டைத் தட்டித் துரத்துவதாக ஏற்பாடு. அவர் ஒரு வரி படிக்க, அவள் கரண்டியை உயர்த்தி அதைத் திருப்பிச் சொல்வாள். கிரேன் ஓட்டுகிறவர் வந்தார், பல் டாக்டர் வந்தார், பஸ் கண்டக்டர் வந்தார். ஒவ்வொருவருக்கும் தகட்டக்கா ஸ்டூல்மேலிருந்து கும்பிடு போட்டாள். சிரித்துச் சிரித்து ஸ்டூல் ஆடியது.

கடைசி வரிக்கு வந்தபோது புருஷன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார்.

"மேடையில நீங்க உறையைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே என் பேர் வெட்டியாச்சு. பின்னாடி ரூம்ல இருக்கு. இதோ, போய் வாங்கிக்கறேன்."

தகட்டக்கா அந்த வரிக்குக் கரண்டியை உயர்த்த மறந்துவிட்டாள். கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். புருஷனும் தட்டைப் பிடித்தபடி நின்றார்.

"தொண்ணூறு செகண்டு எப்பவோ ஆச்சுங்க" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தட்டுங்க. சுருதிய மட்டும் கொஞ்சம் இறக்குங்க."